இறந்த உடலும் இயங்கும் கருப்பையும்: சைபோர்க் பற்றிச் சில குறிப்புகள்

சைபோர்க் என்ற சொல்லை எம்மவர்கள் ஒரு விடுதலைச் சொல்லாகவே கையாண்டு வருகின்றனர். மனிதரும் இயந்திரமும் கலந்த பிறவி. ஆண், பெண் என்ற இரட்டைக்குள் அடங்காதது. தாய் வயிற்றையும் தகப்பன் பெயரையும் வேண்டி நிற்காதது. டொனா ஹராவே 1985இல் 'சோசலிஸ்ட் றிவியூ' இதழில் எழுதிய அறிக்கையை நேரடியாகவோ கைமாறியோ படித்தவர்களுக்கு இந்தக் கவர்ச்சி புரியும். எனக்கும் புரிகிறது. ஆனால் நான் வாழும் எர்லாங்கன் நகரத்தில் 1992இல் நடந்த ஒரு சம்பவத்தின் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது அந்தச் சொல்லின் நிறம் மாறிவிடுகிறது. எம்மவரில் பலர் அகதி முகாம்களில் விண்ணப்ப முடிவுக்காகக் காத்திருந்த காலம் அது. பத்திரிகைத் தலைப்புகளைக் கண்டிருப்பார்கள். விடயம் போய்ச் சேர்ந்திராது.

1992 ஒக்ரோபர் 5ஆம் திகதி, நியூரென்பேர்க் பக்கத்தில் நடந்த கார் விபத்தொன்றில் 18 வயதுப் பெண்ணொருவர் தலையில் படுகாயமடைந்து எர்லாங்கன் பல்கலைக்கழக வைத்தியசாலைக்குக் கொண்டுவரப்பட்டார். மூன்று நாட்களின் பின், 8ஆம் திகதி, அவருக்கு மூளைச்சாவு ஏற்பட்டுவிட்டதென வைத்தியர்கள் உறுதிசெய்தனர். மருத்துவத்தின் கணக்கில் அவர் அன்றே இறந்துவிட்டார். ஆனால் அவர் ஏறத்தாழ நான்கு மாதக் கர்ப்பிணி. கருவுக்குச் சேதம் ஏதுமில்லை என்று கண்ட பேராசிரியர்கள் கூடிப்பேசி, சுவாச இயந்திரத்தை நிறுத்துவதில்லை என்று முடிவெடுத்தனர். பிள்ளை வெளியே உயிர்பிழைக்கக்கூடிய பருவம் வரும்வரை, அதாவது மாதக்கணக்கில், அந்த உடலை இயக்கிக்கொண்டிருப்பது என்பது திட்டம். பெற்றோர் முதலில் தயங்கினர், பிறகு உடன்பட்டனர்.

ஒக்ரோபர் 16ஆம் திகதி ஹேர்ஸ்புறுக் நகர நீதிமன்றம் அந்தப் பெண்ணுக்கு ஒரு பராமரிப்பாளரை நியமித்தது. இது விசித்திரமான தீர்ப்பு. பராமரிப்புச் சட்டம் உயிரோடிருப்பவர்களுக்கானது. இறந்தவருக்குப் பராமரிப்பாளர் எதற்கு? இறந்த பெண்ணின் ஆளுமைக்குரிய மதிப்பையும் கருவின் உயிர்வாழும் உரிமையையும் தராசில் வைத்தால் பின்னதே கனமானது என்று நீதிமன்றம் சொன்னது. ஆக, உறுப்பு எடுக்க வேண்டுமென்றால் அவர் பிணம். கருவை வளர்க்க வேண்டுமென்றால் பராமரிப்புக்குரிய நோயாளி. ஒரே உடல், ஒரே கட்டில்.

நவம்பர் 16ஆம் திகதி கரு தானாகக் கலைந்தது. இயந்திரம் நிறுத்தப்பட்டது. ஐந்து வாரங்களுக்கும் சற்று மேல்.

ஜேர்மன் பத்திரிகைகள் இந்தச் சம்பவத்துக்கு வைத்த பெயர் 'எர்லாங்கர் பேபி'. இன்றுவரை அதுதான் பெயர். பெயரில் நகரம் இருக்கிறது, பிறக்காத பிள்ளை இருக்கிறது, அந்தப் பெண் மட்டும் இல்லை. நடந்த காலத்தையும் கவனிக்க வேண்டும். 1992 ஜூனில்தான் ஒன்றிணைந்த ஜேர்மனியின் பாராளுமன்றம் முதல் பன்னிரண்டு வாரங்களில் கருக்கலைப்பை அனுமதிக்கும் சட்டத்தை நிறைவேற்றியிருந்தது. ஓகஸ்ட் 4ஆம் திகதி அரசியலமைப்பு நீதிமன்றம் அதைத் தடுத்து நிறுத்தியது. 1993 மே 28இல் அதன் மையப்பகுதியைச் செல்லாததாக்கியது. கருவுக்குத் தனியான உரிமை உண்டா, அது பெண்ணின் உடலுக்கு எதிராக நிற்கக்கூடியதா என்று நாடே வாதிட்டுக்கொண்டிருந்த அந்த இடைவெளியில்தான் இந்தக் கட்டில் எர்லாங்கனில் கிடந்தது. சட்டமருத்துவப் பேராசிரியர் வூர்மெலிங் போன்றோர் வைத்தியர்களின் முடிவைப் பகிரங்கமாக நியாயப்படுத்தினர். பெண்ணிலைவாதிகள் பெண்ணுடல் அடைகாக்கும் இயந்திரமாக்கப்படுகிறதென்று எதிர்த்தனர். இரண்டு பக்கமும் 'இயந்திரம்' என்ற சொல்லைச் சுற்றியே நின்றன.

இங்கே சைபோர்க் என்ற சொல் பிறந்த இடத்துக்குப் போவோம். 1960இல் மான்ஃபிரட் கிளைன்ஸ், நேதன் கிளைன் என்ற இருவர் விண்வெளிப் பயணம் பற்றிய கட்டுரையொன்றில் அதை உருவாக்கினர். அவர்கள் காட்டிய முதல் உதாரணம் ஓர் எலி. அதன் தோலுக்குக் கீழே சிறு பம்பியொன்று வைக்கப்பட்டு, எலி அறியாமலே மருந்து சொட்டுச்சொட்டாகச் செலுத்தப்பட்டது. அவர்களது எண்ணம் இதுதான்: விண்வெளியில் மூச்சையும் இரத்த ஓட்டத்தையும் பார்த்துக்கொண்டிருப்பதே மனிதனுக்கு முழுநேர வேலையாகிவிடக்கூடாது. அந்த வேலையைக் கருவி செய்யட்டும். மனிதன் சிந்திக்கவும் தேடவும் சுதந்திரமாக இருக்கட்டும்.

எர்லாங்கனில் நடந்தது இதன் தலைகீழ் வடிவம். கருவி மூச்சைப் பார்த்துக்கொண்டது, வெப்பத்தைப் பார்த்துக்கொண்டது, ஊட்டத்தைப் பார்த்துக்கொண்டது. ஆனால் சிந்திக்க விடுவிக்கப்பட்டவர் எவருமில்லை. 1960இன் சைபோர்க் ஆண். அவனுடைய உடலை இயந்திரம் பொறுப்பேற்றால் மனம் விடுதலையாகிறது. 1992இன் சைபோர்க் பெண். அவளுடைய மனம் போன பின்னும் உடலை இயந்திரம் பொறுப்பேற்கிறது, இன்னொருவருக்காக. தொழில்நுட்பம் பால்நிலையை அழித்துவிடும் என்று நம்புகிறவர்கள் இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். மூளை இறந்த பின், பெயரும் விருப்பமும் நினைவும் எல்லாம் போன பின், அந்த உடலில் எஞ்சி நின்றது பால்நிலை ஒன்றுதான்.

இது எர்லாங்கனில் நடந்தது தற்செயலும் அல்ல. இந்த நகரம் 19ஆம் நூற்றாண்டிலிருந்தே மருத்துவக் கருவிகளால் வாழ்வது. உடலின் உள்ளே நடப்பதை நடக்கும்போதே திரையில் காட்டிய முதல் கேளா ஒலிக் கருவியான விடொசோன், சீமென்ஸ் நிறுவனத்திடமிருந்து 1965இல் வந்தது. அந்த நிறுவனத்தின் மருத்துவப் பிரிவுக்கு அப்போது தலைமையகமாக இருந்தது இந்த ஊர்தான். மகப்பேற்று வைத்தியர்கள் அதை விரைவிலேயே கைக்கொண்டனர். 1982 ஏப்ரல் 16இல், அப்போதைய மேற்கு ஜேர்மனியின் முதல் சோதனைக்குழாய்க் குழந்தை பிறந்ததும் எர்லாங்கன் பல்கலைக்கழகத்தின் பெண்கள் வைத்தியசாலையிலேயே. உடலுக்கு வெளியே கரு. பத்தாண்டு கழித்து, ஆள் இல்லாத உடலுக்குள் கரு. இந்த இரண்டு புள்ளிகளுக்கும் நடுவே கோடு போடுவது கடினமல்ல.

வரலாற்றாசிரியர் பார்பரா டூடன் பெண்ணுடல் எவ்வாறு பொது இடமாக்கப்பட்டது என்று ஒரு நூல் எழுதினார். அது சம்பவத்துக்கு ஓராண்டு முன்பே, 1991இல் வெளிவந்தது. ஒருகாலத்தில் பெண் தன் வயிற்றில் அசைவை உணர்ந்து சொன்னால்தான் ஊருக்குத் தெரியும். அவளுடைய சொல்லே அத்தாட்சி. திரை வந்த பின் அவள் சொல்லத் தேவையில்லை. அவளைத் தாண்டிப் பார்க்கலாம். திரையில் தனியே மிதக்கும் உருவத்தைச் சுற்றியிருப்பது ஒரு பெண் என்பது மெல்ல மறந்துபோகிறது. ஹராவே இயந்திரத்தோடு உறவு கொண்டாடச் சொல்கிறார். டூடன் அதன் கண்ணைச் சந்தேகிக்கச் சொல்கிறார். என்னைக் கேட்டால் டூடனிடம் பழமை ஏக்கம் கொஞ்சம் அதிகம்தான். மருத்துவிச்சியின் கையில் செத்த பெண்களை அவர் போதியளவு எண்ணவில்லை என்று எனக்குப் படுகிறது. ஆனால் திரையைப் பற்றி அவர் சொல்வது சரி.

அந்தத் திரை எங்கள் பக்கம் போனபோது என்ன செய்தது? அதே 1992இல்தான் சேலத்தில் தமிழ்நாடு அரசு தொட்டில் குழந்தைத் திட்டத்தைத் தொடங்கியது. பெண் சிசுவைக் கொல்லாதே, அரசுத் தொட்டிலில் போடு என்பது அதன் பொருள். ஆனால் ஸ்கான் கருவி சிறு நகரங்களுக்கு வந்த பின் பிறக்கும்வரை காத்திருக்க வேண்டியிருக்கவில்லை. 1994இல் இந்தியா பாலினத்தைக் கண்டறிவதற்கு எதிராகச் சட்டம் இயற்ற வேண்டியதாயிற்று. எர்லாங்கனில் திரை கருவைப் பிரசையாக்கித் தாயைப் பாத்திரமாக்கியது. சேலத்தில் அதே வகைத் திரை கருவைப் பெண்ணாக்கி, அதனாலேயே அழிக்கத்தக்கதாக்கியது. இங்கே கருவைக் காப்பாற்று என்கிறார்கள், அங்கே கலைத்துவிடு என்கிறார்கள். இரண்டிலும் வயிற்றுக்குச் சொந்தக்காரி கேட்கப்படவில்லை.

இனி மறுபக்கம். உடலைத் தொழில்நுட்பத்தால் மாற்றிக்கொள்ள விரும்புகிறவர்களைச் சட்டம் எப்படி நடத்தியது? 1981 ஜனவரி முதல் நடைமுறையிலிருந்த ஜேர்மன் சட்டம், ஒருவர் தன் பால் அடையாளத்தைப் பதிவேட்டில் மாற்ற வேண்டுமானால் சத்திரசிகிச்சை செய்துகொண்டு பிள்ளை பெறமுடியாதவராக இருக்க வேண்டும் என்று கட்டாயப்படுத்தியது. 2011 ஜனவரியில்தான் அரசியலமைப்பு நீதிமன்றம் இந்த நிபந்தனையை நீக்கியது. 2024 நவம்பர் 1 முதல் பதிவு அலுவலகத்தில் கொடுக்கும் அறிவிப்பே போதும். முப்பது ஆண்டுகளாக ஒரே அரசு, திருநங்கையிடமும் திருநம்பியிடமும் உன் கருவளத்தை வெட்டு என்றது. எர்லாங்கனில் இறந்தவளிடம் உன் கருவளத்தைத் தொடர் என்றது. இயந்திரமும் கத்தியும் தம்மளவில் எதையும் கேட்கவில்லை.

தமிழ்நாடு இந்த விடயத்தில் ஜேர்மனியை முந்தியது என்பதை எம்மவர் பலர் கவனிக்கவில்லை. 2019 ஏப்ரல் 22இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, தூத்துக்குடியில் திருநங்கை ஒருவரின் திருமணத்தைப் பதிவுசெய்ய மறுத்த வழக்கில், அவரும் இந்துத் திருமணச் சட்டத்தின்படி மணமகளே என்று தீர்ப்பளித்தது. அதே தீர்ப்பில், இடைப்பாலினக் குழந்தைகளின் உடலை ஆண் அல்லது பெண் என்ற அச்சுக்குள் அடக்கும் சத்திரசிகிச்சைகளைத் தடைசெய்யும்படி அரசுக்கு உத்தரவிட்டது. சில மாதங்களில் தமிழ்நாடு அரசாணை பிறப்பித்தது. ஜேர்மனியில் இத்தகைய பாதுகாப்புச் சட்டம் 2021 மே மாதத்தில்தான் வந்தது. முன்னேறிய மேற்கு, பின்தங்கிய கிழக்கு என்று நாம் காவித்திரியும் வரைபடத்துக்கு இது ஒத்துவராது.

ஈழத்திலும் எமக்கென்று சைபோர்க்குகள் உண்டு. நாம் அந்தச் சொல்லால் அழைப்பதில்லை. 1987இல் யாழ்ப்பாணத்தில் தொடங்கிய ஜெய்ப்பூர் நிலையம் செயற்கைக் கால்களைப் பொருத்தி வந்திருக்கிறது. ஒரே பட்டறையில் செய்த கால்தான். ஆனால் ஆணுக்கு அது பட்ட காயத்தின் சாட்சி, பெண்ணுக்குக் கல்யாணப் பேச்சில் ஒரு 'குறை'. ஊருக்குப் போய்வரும் ஒவ்வொருவரும் இதைக் கேட்டிருப்பார்கள்.

ஹராவேயின் கட்டுரையில் எம்மவர் தாண்டிப் போகிற ஒரு பகுதி உண்டு: தென்கிழக்காசியாவில் மின்னணுத் தொழிற்சாலைகளில் வேலை செய்யும் பெண்கள். நான் வேலை செய்யும் தொழிற்சாலையிலும் மெல்லிய கம்பிகளை இணைக்கும் வரிசையில் பெண்களே இருக்கிறார்கள். பெரும்பாலும் குடிபெயர்ந்தவர்கள். 'விரல் மெல்லியது' என்பது மேற்பார்வையாளரின் விளக்கம். அடுத்து எந்தத் துளையில் எந்தக் கம்பி என்று மேசையில் ஒரு விளக்கு எரிந்து காட்டுகிறது. கை அதைப் பின்தொடர்கிறது. மூளைக்கு வேலை இல்லை. அந்த வரிசையில் ஊதியம் என் வரிசையைவிடக் குறைவு.

எர்லாங்கன் வைத்தியசாலை 2009இல் இன்னொரு செய்தியை வெளியிட்டது. மாரடைப்பின் பின் கோமாவுக்குப் போன 40 வயதுக் கர்ப்பிணியை 22 வாரங்கள் பராமரித்து ஆரோக்கியமான ஆண்பிள்ளையைப் பெறச்செய்திருந்தனர். அவர் இறந்தவரல்லர் என்பதால் இது வேறு வழக்கு. அயர்லாந்தில் 2014 டிசெம்பர் 26இல் உயர் நீதிமன்றம், மூளைச்சாவடைந்த கர்ப்பிணியின் இயந்திரத்தை நிறுத்த அனுமதித்தது. 2025இல் அமெரிக்காவின் அட்லாண்டாவில், 30 வயதுக் கறுப்பினத் தாதி ஒருவரின் உடல் பெப்ரவரியிலிருந்து ஜூன் வரை இயக்கப்பட்டது. மாநிலத்தின் கருக்கலைப்புச் சட்டத்தால் நிறுத்த முடியாதென்று தங்களுக்குச் சொல்லப்பட்டதாகக் குடும்பத்தினர் கூறினர். ஜூன் 13இல் ஒரு கிலோவுக்கும் குறைந்த எடையில் பிள்ளை எடுக்கப்பட்டது. சில நாட்களில் இயந்திரம் நிறுத்தப்பட்டது.

ஜேர்மனியில் 2009 செப்ரெம்பர் முதல் நோயாளியின் முன்விருப்பப் பத்திரத்துக்குச் சட்ட வலு உண்டு. எங்கள் குடும்பங்களிலும் அந்தக் கடதாசியில் கையெழுத்திடுகிறார்கள், பெரும்பாலும் மகனோ மகளோ நிரப்பிக் கொடுத்ததை வாசிக்காமல். எனக்குத் தெரிந்த இரு இளம் பெண்கள் அதன் அடியில் கையால் ஒரு வரி சேர்த்திருக்கிறார்கள்: தாங்கள் கர்ப்பமாக இருக்கும்போது இப்படி நேர்ந்தால் என்ன செய்ய வேண்டும் என்று. ஒருத்தி இயக்குங்கள் என்று எழுதியிருக்கிறாள், மற்றவள் நிறுத்துங்கள் என்று. இரண்டு பேருக்கும் வீட்டில் தாய்மாரோடு சண்டை.