பிழை தன் இடத்தைத் தானே சொல்லும்

1989 ஆகஸ்டில் வாயேஜர் 2 நெப்டியூனைக் கடந்தது. அதன் வானொலிக் கருவியின் திறன் ஏறத்தாழ 20 வாட். ஃபிரிட்ஜுக்குள் எரியும் பல்பு அளவுதான். 0, 1 என்ற குறிகளாக அது அனுப்பிய படம் பூமிக்கு வர நான்கு மணி நேரத்துக்கு மேல் ஆனது. வழியில் 0-ஐ 1-ஆகவும் 1-ஐ 0-ஆகவும் புரட்டிவிடும் குறுக்கீடுகளுக்குப் பொறியாளர்கள் வைத்த பெயர் இரைச்சல். இரைச்சலில் ஒரு பகுதி கெட்டது, மறுபடி அனுப்பு என்று ஒவ்வொரு முறையும் கேட்டுக்கொண்டிருக்க முடியாது. வந்ததை வைத்தே கெட்டதைத் திருத்தியாக வேண்டும்.

அந்த வித்தைக்கு வித்திட்டது ஓர் எரிச்சல். 1940-களின் இறுதியில், அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்துக் கணிப்பொறி வார இறுதியில் ஆளில்லாமல் ஓடும். பிழை கண்டால் அந்தக் கணக்கைக் கைவிட்டு அடுத்ததற்குத் தாவிவிடும். பிழை இருப்பது தெரிகிற இயந்திரத்துக்கு அது எங்கே இருக்கிறது என்று ஏன் தெரியக்கூடாது என யோசித்தார் அங்கே பணியாற்றிய ரிச்சர்ட் ஹாமிங்.

1950-இல் அவர் வெளியிட்ட விடை இது. பிட் என்பது 0 அல்லது 1 என்ற ஒற்றைக் குறி. நான்கு பிட் செய்திக்கு ஏழு இடங்கள் ஒதுக்குங்கள். 3, 5, 6, 7-ஆம் இடங்களில் செய்தி. 1, 2, 4-இல் சரிபார்ப்பு பிட்கள். 1-ஆம் பிட்டின் குழுவில் 3, 5, 7 சேரும்; 2-இன் குழுவில் 3, 6, 7; 4-இன் குழுவில் 5, 6, 7. ஒவ்வொரு குழுவிலும் 1-கள் இரட்டைப்படையில் வரும்படி சரிபார்ப்பு பிட்டை அமைத்து அனுப்புங்கள். பெறுபவர் எண்ணிப் பார்க்கிறார். 1, 4 ஆகிய குழுக்களில் மட்டும் ஒற்றைப்படை என்று வையுங்கள். 1 + 4 = 5. புரண்டது ஐந்தாவது பிட்! சரிபார்ப்பு பிட்டே கெட்டாலும் கவலையில்லை. அதன் குழு மட்டும் தவறி, அதே எண்ணைக் காட்டிவிடும். இவ்வளவு அழகான கணக்கு ஒரு தாளில் அடங்கிவிடுவது இன்றும் என்னை வியக்க வைக்கிறது.

இரண்டு பிட்கள் புரண்டால் இது ஏமாந்துவிடும். 1960-இல் ரீடும் சாலமனும் கண்ட முறை இன்னும் வலியது. நெப்டியூன் படங்களில் 223 பைட்டுக்கு (எட்டு பிட் ஒரு பைட்) 32 பைட் கூடுதலாகச் சேர்த்தார்கள்; எந்த 16 பைட் கெட்டாலும் மீண்டுவிடும். கடை மேசையில் ஒட்டிய கியூஆர் குறியீடு கொஞ்சம் கிழிந்தும் வேலை செய்வது இதே முறையால்தான்.

இவற்றுக்கெல்லாம் எல்லை வகுத்தவர் கிளாட் ஷானன். செய்தி செல்லும் ஒவ்வொரு தடத்துக்கும் ஒரு கொள்திறன், அதாவது நம்பகமாக அனுப்பக்கூடிய வேகத்தின் உச்சவரம்பு, உண்டு. அதற்குள் நின்றால் பிழையை வேண்டிய அளவு குறைக்கலாம் என்று 1948-இல் நிறுவினார். அத்தகைய முறை இருக்கிறது என்று காட்டினாரே தவிர, எது என்று சொல்லவில்லை. 1960-களின் தொடக்கத்தில் ராபர்ட் கேலகர் தம் முனைவர் பட்ட ஆய்வில் உருவாக்கிய ஒன்று அந்த எல்லையை நெருங்கக்கூடியது. அன்றைய கணிப்பொறிகளால் அதைச் சுமக்க முடியாததால் முப்பது ஆண்டுகள் கிடப்பில் கிடந்தது. 1990-களில் மீண்டும் கண்டெடுத்தார்கள். 5ஜி கைபேசிக்கு வரும் தரவை இன்று திருத்தித் தருவது அதன் வழித்தோன்றல்தான்.