பதவியில் மேனேஜர்... பாதுகாப்பில்?

ஐடி துறையில் சில வருடம் கோடு எழுதியவர்களும் டெஸ்டிங் பார்த்தவர்களும் அடுத்ததாகக் குறிவைக்கும் வேலைகளில் ஒன்று, புராடக்ட் மேனேஜர். ஒரு செயலியில் எந்த வசதி முதலில் வரவேண்டும், எது காத்திருக்கலாம் என்று முடிவுசெய்யும் பொறுப்பு அது. பலருக்கும் கீழே ஒரு ஆள்கூட இருக்கமாட்டார். லீவு கொடுக்கும் அதிகாரமும் இருக்காது. ஆனால், வேலைக்கே சிக்கல் வரும்போது, ‘நீங்கள் மேனேஜர், தொழிலாளர் சட்டம் உங்களுக்குப் பொருந்தாது’ என்று நிறுவனம் கைவிரிக்கலாம். அது எந்த அளவுக்கு உண்மை?

சட்டம் என்ன சொல்கிறது?

2025 நவம்பர் 21-ல் அமலுக்கு வந்த தொழில் உறவுகள் தொகுப்புச் சட்டம், முக்கியமாக நிர்வாகப் பணி செய்பவர்களை ‘தொழிலாளி’ என்ற வரையறைக்குள் சேர்ப்பதில்லை. ஆட்குறைப்பு இழப்பீடு, பணிநீக்கத் தகராறு போன்றவற்றில் அந்தச் சட்டத்தின் பாதுகாப்பு இவர்களுக்குக் கிடைக்காது. 1947-ம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்திலும் நிர்வாகப் பதவியில் இருப்பவர்களுக்கு விலக்கு உண்டு.

ஆனால், நீதிமன்றங்கள் பார்ப்பது விசிட்டிங் கார்டை அல்ல. அன்றாடம் செய்யும் வேலையை. ஆளை எடுக்கவும் நீக்கவும் தண்டிக்கவும் அதிகாரம் இல்லாதவர், ‘பெயரளவில்தான் நான் மேனேஜர்’ என்று வாதாட இடமுண்டு. கடைகள் சட்டம் ஒருவருக்குப் பொருந்துமா என்ற கேள்வி எழுந்தால், அதன் 51-வது பிரிவின்படி தொழிலாளர் ஆணையரிடமே முடிவு கேட்கலாம். சம்பளப் பாக்கி விஷயத்தில் இந்தக் குழப்பமே இல்லை. ஊதியத் தொகுப்புச் சட்டம் மேனேஜர்களையும் ‘ஊழியர்’ என்றே கணக்கில் எடுத்துக்கொள்கிறது.

ஆக, மற்ற விஷயங்களில் உங்கள் முதல் கவசம், நீங்கள் கையெழுத்திடும் ஒப்பந்தம்தான்.

ஆஃபர் லெட்டரைப் பிரித்துப் படியுங்கள்

ஒரு உதாரணம். ‘ஆண்டுக்கு 24 லட்சம்’ என்கிறது கடிதம். அதில் வேரியபிள் பே 3,60,000 ரூபாய். ஒரே ஒரு முறை தரும் ஜாயினிங் போனஸ் 2,00,000 ரூபாய். 15,000 ரூபாய் உச்சவரம்பில் பிஎஃப் கட்டும் நிறுவனம் என்றால், அதன் பங்கு 21,600 ரூபாய். கிராஜுவிட்டி, காப்பீடு என்று 50,000 ரூபாய். இவற்றைக் கழித்தால் மிஞ்சுவது 17,68,400 ரூபாய். மாதம் இரண்டு லட்சம் என்று நினைத்தவருக்கு, வரிக்கும் அவருடைய பிஎஃப் பங்குக்கும் முன்பே சுமார் 1,47,000 ரூபாய்தான். வீட்டுக்கடன் தவணையை எந்தத் தொகையை வைத்துப் போடுவது என்பதை இந்தக் கணக்குக்குப் பிறகு முடிவுசெய்யுங்கள்.

வேரியபிள் பே யாருடைய செயல்பாட்டைப் பொறுத்தது, ஒரு வருடத்துக்குள் விலகினால் ஜாயினிங் போனஸை முழுதாகத் திருப்பிக் கட்டவேண்டுமா, நோட்டீஸ் காலம் இரு தரப்புக்கும் சமமா என்பதையெல்லாம் மின்னஞ்சலில் கேட்டு, பதிலையும் மின்னஞ்சலிலேயே வாங்குங்கள். ஹெச்.ஆர். போனில் சொன்னதை நாளை நிரூபிக்க முடியாது.

ஊழியர்களுக்கான ‘ஈசாப்’ பங்குகள் தருவதாகச் சொன்னால், அவற்றை உடனே கிடைக்கும் பணமாக எண்ணவேண்டாம். ஒதுக்கிய நாளிலிருந்து குறைந்தது ஒரு வருடம் கழித்துத்தான் உரிமை வரும் என்பது கம்பெனி சட்ட விதி. அந்தப் பங்கை வாங்கும்போது, சந்தை மதிப்புக்கும் நீங்கள் கட்டும் விலைக்கும் உள்ள வித்தியாசம் சம்பள வருமானமாகக் கருதப்பட்டு வரி வரும். விற்க வழியில்லாத பங்குக்கும் வரி கட்டும் நிலை வரலாம்.

ராஜினாமாவுக்கு முன்னும் பின்னும்

பழைய வேலையை விட்ட பிறகு புது நிறுவனம் ஆஃபரை ரத்து செய்தால் என்ன செய்வது? இருவரும் ஏற்றுக் கையெழுத்திட்ட ஆஃபர் லெட்டர் ஓர் ஒப்பந்தம். அதை மீறினால் சிவில் நீதிமன்றத்தில் நஷ்டஈடு கேட்கலாம்; ஆனால், வேலையையே தரச்சொல்லிக் கட்டாயப்படுத்துவது கடினம். எனவே, பின்னணிச் சரிபார்ப்பு முடிந்ததா என்று கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகே ராஜினாமா கடிதம் கொடுங்கள்.

லேப்டாப் டெபாசிட், பயிற்சிக் கட்டணம் என்று யாராவது பணம் கேட்டால் அது மோசடி என்றே எடுத்துக்கொள்ளுங்கள். பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணை அழையுங்கள்.

புராடக்ட் மேனேஜர்கள் மாட்டிக்கொள்ளும் இன்னொரு இடம், கடைசி வாரம். ரோடுமேப், வாடிக்கையாளர் பட்டியல், விலை நிர்ணயக் கணக்கு ஆகியவற்றைத் தன் ஜிமெயிலுக்கு அனுப்பிக்கொள்வது. நீங்களே உட்கார்ந்து தயாரித்த கோப்பாக இருந்தாலும், வேலையின் பகுதியாகச் செய்ததற்கான பதிப்புரிமை, வேறு ஒப்பந்தம் இல்லாதவரை, நிறுவனத்துடையது. அதை அனுப்பிக்கொள்வது ரகசிய மீறல் வழக்கில் கொண்டுபோய் விட்டுவிடலாம். அனுபவம் உங்களுடையது, கோப்பு அவர்களுடையது.

‘போட்டி நிறுவனத்தில் இரண்டு வருடம் சேரக் கூடாது’ என்ற நிபந்தனையைக் கண்டு பயப்படத் தேவையில்லை. வேலையை விட்ட பிறகும் பிழைப்பைத் தடுக்கும் ஒப்பந்தம், 1872-ம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 27-வது பிரிவின்படி செல்லாது. ஆனால், பாண்டு வேறு விஷயம். மூன்று வருடத்துக்குள் விலகினால் 2 லட்சம் ரூபாய் கட்டவேண்டும் என்று முன்பு பொதுத்துறை வங்கியாக இருந்த விஜயா வங்கி போட்ட நிபந்தனை செல்லும் என 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. எனவே, தொகையைப் பார்க்காமல் கையெழுத்திடாதீர்கள். அசல் சான்றிதழ்களைக் கேட்டால் சரிபார்க்கக் காட்டுங்கள், ஒப்படைத்துவிட்டு வராதீர்கள்.

முதல் மாதத்தில்...

புதிய பிஎஃப் எண் (யுஏஎன்) வாங்காமல் பழைய எண்ணையே கொடுத்து பிஎஃப் கணக்கை மாற்றுங்கள். பழைய நிறுவனம் விலகிய தேதியைப் பதியவில்லை என்றால், கடைசிப் பங்களிப்புக்கு இரண்டு மாதம் கழித்து நீங்களே இணையத்தில் பதியலாம். அதே நிதியாண்டில் பழைய இடத்தில் வாங்கிய சம்பளத்தையும் பிடித்த வரியையும் புது நிறுவனத்திடம் தெரிவியுங்கள். இல்லையென்றால், நிரந்தரக் கழிவை இரண்டு நிறுவனங்களும் தனித்தனியே கழித்து, ரிட்டர்ன் போடும்போது வரிப் பாக்கி கழுத்தை நெரிக்கும்.

சிக்கல் வந்தால் எங்கே போவது?

ராஜினாமா செய்தாலும் நீக்கப்பட்டாலும் இரண்டு வேலை நாளில் சம்பளக் கணக்கை முடிக்கவேண்டும் என்கிறது ஊதியத் தொகுப்புச் சட்டம். தராவிட்டால் முதலில் எழுத்து மூலம் கேளுங்கள். பிறகு வழக்கறிஞர் நோட்டீஸ். அதன்பின் தொழிலாளர் துறை அதிகாரியிடம் மனு. அதற்கு மூன்று வருடக் கெடு இருக்கிறது. பிஎஃப் புகாருக்கு இபிஎஃப்ஓ-வின் இணையக் குறைதீர் தளம் உண்டு. சட்டப் பணிகள் ஆணையத்தின் உதவி எண் 15100. பெண்களுக்கும் பட்டியல் இனத்தவருக்கும் வருமான வரம்பின்றி இலவசச் சட்ட உதவி கிடைக்கும்.

இதற்கெல்லாம் கையில் காகிதம் வேண்டும். ஆஃபர் லெட்டர், பணி நியமன ஆணை, சம்பளச் சீட்டு, ஹெச்.ஆர். மின்னஞ்சல்கள் எல்லாவற்றின் நகலையும் உங்கள் சொந்தக் கணினியில் முதல் நாளிலிருந்தே சேர்த்துவாருங்கள். வேலை போகிற நாளில் அலுவலக லாகின் உங்களுக்கு முன்பே போய்விடும்.