மகன் கெமரா கேட்டால் முதலில் கணக்கைக் கேளுங்கள்

வருடத்தின் முதல் மாதங்களில் நாட்டின் எந்தப் பகுதிக்குப் போனாலும் ஏதோவொரு பாடசாலை மைதானத்தில் கூடாரம் அடித்து, நான்கு நிறங்களில் கொடி கட்டி, ஒலிபெருக்கி முழங்கிக்கொண்டிருப்பதைக் காணலாம். இல்ல விளையாட்டுப் போட்டிக் காலம் அது. 2020 இற்குப் பின்னர் பாடசாலைத் தவணைகள் சில வருடங்கள் முன்பின்னாகிய போதிலும் இந்தப் போட்டிகள் நின்றுபோகவில்லை. அரச பாடசாலைகள் மாத்திரம் சுமார் 10,000 உள்ள நாடு இது. தனியார் பாடசாலைகள், சர்வதேசப் பாடசாலைகள், முன்பள்ளிகள் வேறு. இத்தனை மைதானங்களிலும் ஓடுகின்ற பிள்ளைகளைப் படமெடுத்து விற்று ஓர் இளைஞன் பிழைக்க முடியுமா என்பதே இவ்வாரம் நான் எடுத்துக்கொண்ட விடயம்.

இதை எழுதக் காரணம் உண்டு. பாடசாலைகளுக்குக் கிண்ணமும் பதக்கமும் விநியோகிக்கின்ற வியாபாரம் என்னுடையது. எனவே வருடாவருடம் பல மைதானங்களில் நிற்க வேண்டியிருக்கிறது. அங்கே கழுத்தில் கெமராவுடன் புதிய இளைஞர் ஒருவரையாவது காண்பேன். அடுத்த வருடம் அவர் இருக்க மாட்டார். அவருடைய கெமரா பாவித்த பொருட்கள் விற்கும் கடையில் இருக்கும். வாப்பா கடையிலிருந்து எடுத்துக் கொடுத்த பணம் அது, அல்லது உம்மாவின் நகை. ஆனால் அதே மைதானங்களில் ஏழெட்டு வருடங்களாக நிலைத்து நிற்பவர்களும் இருக்கிறார்கள். படமெடுக்கும் திறமையில் இரு சாராருக்கும் பெரிய வித்தியாசத்தை நான் காணவில்லை. வித்தியாசம் வியாபாரத்தில் இருக்கிறது.

வாங்குபவர் யார்?

புதிதாகத் தொடங்கும் இளைஞர்கள் எல்லோரும் பெரிய போட்டிகளைத்தான் கனவு காண்கிறார்கள். 1880 ஆம் ஆண்டிலிருந்து மாணவர்கள் ஆடிவரும் றோயல் – தோமியன் கிரிக்கட், 1945 இல் ஆரம்பமான பிராட்பி கேடய றக்பி போன்றவற்றின் எல்லைக்கோட்டில் நின்று படமெடுப்பது பெருமைதான். ஆனால் வியாபாரக் கண்ணால் பாருங்கள். அங்கே பத்திரிகைக்காரர்கள், தொலைக்காட்சிக்காரர்கள், அனுசரணை நிறுவனங்களின் ஆட்கள், பாடசாலைகளின் ஊடகப் பிரிவு மாணவர்கள் என்று ஒரு பட்டாளமே நிற்கும. அவர்களுடைய படங்கள் அன்றிரவே இலவசமாகப் பேஸ்புக்கில் வந்துவிடும். இலவசமாகக் கிடைப்பதற்கு யார் காசு கொடுப்பார்? கிரிக்கட் ஆட்டமொன்றில் ஆடுபவர்களும் 22 பேர்தான்.

இப்போது ஒரு முன்பள்ளியின் விளையாட்டு விழாவைப் பாருங்கள். 60 பிள்ளைகள். தேசிக்காயும் கரண்டியும், பனிஸ் சாப்பிடுதல், சாக்கு ஓட்டம், வினோத உடை. ஏறக்குறைய ஒவ்வொரு பிள்ளையின் தாயும் வந்திருப்பார். பல தந்தையர் கடையைப் பூட்டிவிட்டு வந்திருப்பார்கள். பத்திரிகைக்காரர் எவரும் வருவதில்லை. எல்லோரிடமும் கைபேசி இருக்கிறதே என்பீர்கள். உண்மை. ஆனால் பெற்றோரைக் கயிற்றுக்கு அப்பால் நிறுத்திவிடுவார்கள். கைபேசியில் விழுவது தூரத்தில் ஒரு புள்ளியும், முன்னால் நிற்பவரின் தலையும்தான். கரண்டியில் தேசிக்காயை வைத்துக்கொண்டு நாக்கைக் கடித்தபடி நடந்துவரும் தன் மகளின் முகம் அந்தத் தாய்க்கு வேண்டும். அதை எடுக்கக்கூடியவர், உள்ளே போக அனுமதி பெற்ற ஒருவர் மாத்திரமே.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ஓட்டப் போட்டியில் எட்டுப் பிள்ளைகள் ஓடினால் அனுபவமில்லாதவர் முதலாவதாக வருபவரை மட்டும் எடுப்பார். வியாபாரி எட்டுப் பேரையும் எடுப்பார். வென்ற பிள்ளைக்குக் கிண்ணம் கிடைக்கிறது. எட்டாவதாக வந்த பிள்ளையின் வீட்டுக்குக் கொண்டுபோக ஒன்றும் இல்லை. நான் விற்கும் பதக்கம் மூன்று பேருக்குத்தான். படம் எட்டுப் பேருக்கும் உரியது.

ஒரு உதாரணக் கணக்கு

கெமராவுக்குள் இருக்கும் இயந்திர ஷட்டருக்கும் ஆயுள் உண்டு. ஆரம்பநிலைக் கெமராக்கள் பலவற்றுக்கு அது சுமார் ஒரு இலட்சம் கிளிக் எனக் கணிக்கப்படுகிறது. கெமரா 2 இலட்சம் ரூபா என்று வைத்துக்கொண்டால், ஒவ்வொரு தடவை அழுத்தும்போதும் 2 ரூபா தேய்கிறது. ஒரு விழாவில் 1,000 கிளிக் என்றால் 2,000 ரூபா. இது கண்ணுக்குத் தெரியாத செலவு என்பதால் பலர் அதை இலாபம் என்று நினைத்துச் சாப்பிட்டுவிடுகிறார்கள். 2022 இல் ஒரு டொலர் 200 ரூபா அளவிலிருந்து 360 ரூபா வரை போனபோது, தேய்மானத்துக்கென்று எதுவும் ஒதுக்கி வைக்காதவர்களால் பழுதான கெமராவுக்குப் பதில் இன்னொன்று வாங்குவதை நினைத்தும் பார்க்க முடியவில்லை.

மூன்று படங்கள் கொண்ட ஒரு பொதி 1,000 ரூபா என்று வைத்துக்கொள்வோம். விலைகள் ஊருக்கு ஊர் மாறும். கணக்குப் போடும் முறையை மட்டும் பாருங்கள். உதவியாளருக்கு 3,000, போக்குவரத்து 2,000, கெமராத் தேய்மானம் 2,000, லென்ஸ், கணினி, பற்றரி முதலியவற்றின் தேய்மானம் 3,000. ஆக, ஒரு படம் விற்காவிட்டாலும் 10,000 ரூபா செலவு. ஒரு பொதிக்குப் படம் அச்சிடும் செலவு 240, பாடசாலை நிதிக்குப் பத்து வீதமாக 100. மிச்சம் 660 ரூபா. 10,000 ஐ 660 ஆல் வகுத்துப் பாருங்கள். 15 தாய்மார் வாங்கினால் 100 ரூபா நட்டம். 16 ஆவது தாய் வாங்கும்போதுதான் இலாபம் தொடங்குகிறது. 35 பேர் வாங்கினால் 13,100 ரூபா.

அந்த 13,100 உம் ஒரு நாள் உழைப்பு அல்ல. ஒரு நாள் மைதானம், ஒரு நாள் தெரிவும் அச்சும், ஒரு நாள் விநியோகம். மூன்றால் வகுத்தால் நாளொன்றுக்கு 4,366 ரூபா. அதை உங்கள் ஊர் மேசன் பாஸின் நாட்கூலியோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு மகனோடு பேசுங்கள்.

முன்பதிவும் வேகமும்

இந்தக் கணக்கு சொல்லும் பாடம் ஒன்றுதான். மைதானத்துக்குப் போவதற்கு முன்பே 16 பேர் கையில் இருக்க வேண்டும். நிலைத்து நிற்பவர்கள் விழாவுக்கு இரண்டு வாரங்களுக்கு முன்னரே அதிபரின் எழுத்துமூல அனுமதியுடன் ஒரு சிறு படிவத்தைப் பெற்றோருக்கு அனுப்புகிறார்கள். பிள்ளையின் பெயர், வகுப்பு, இல்லம், பங்குபற்றும் போட்டிகள், பாதி முற்பணம். முன்பதிவு செய்தவருக்கு ஒரு விலை, பின்னர் கேட்பவருக்குச் சற்றுக் கூடிய விலை.

விளையாட்டுப் படம் மீன் வியாபாரம் போன்றது. அன்று மாலை பெற்றோரின் ஆசை உச்சத்தில் இருக்கும். ஒரு வாரம் போனால் ‘பிறகு பார்ப்போம்’ என்பார்கள். ஒவ்வொரு போட்டி தொடங்குமுன்பும் நிகழ்ச்சி நிரலில் அந்தப் போட்டியின் பெயரை ஒரு படம் எடுத்துவிட்டால், இரவில் ஆயிரம் படங்களுக்குள் பிள்ளையைத் தேடி அலைய வேண்டியதில்லை. மறுநாளே மாதிரிப் படத்தைக் குறுக்கே ஸ்டூடியோவின் பெயர் அடித்து, சிறிய அளவில் பெற்றோரின் வட்ஸ்அப்புக்கு அனுப்பலாம். மூலப்படம் பணம் வந்த பிறகுதான். கடன் கொடுக்க வேண்டாம். கடைப் பொருளைக் கடனுக்கு வாங்கியவர் மறுபடியும் அரிசிக்கு வருவார்; படம் வாங்கியவர் அடுத்த வருடம்தான் வருவார்.

தொழில்நுட்பம் பற்றிச் சுருக்கமாகச் சொல்வதானால், ஓடும் பிள்ளையைத் தெளிவாகப் பிடிக்க ஷட்டர் வேகம் செக்கனில் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவில் இருக்க வேண்டும். சிறு பிள்ளைகளை முழந்தாளிட்டு, அவர்களின் கண்மட்டத்திலிருந்து எடுக்க வேண்டும். எமது நாட்டின் பகல் வெளிச்சத்துக்கு 70–300 மில்லிமீற்றர் சாதாரண லென்ஸ் போதும். பெறுமதியான எஃப் 2.8 லென்ஸ் உள்ளரங்கு விளையாட்டுக்களுக்குத்தான் தேவைப்படும். அதை முதல் வருடத்திலேயே குத்தகைக் கடனில் வாங்குவது கடை திறக்குமுன் லொறி வாங்குவதைப் போன்றது.

மற்ற மாதங்களில்?

முதலாம் தவணை மட்டும் ஒரு வருடத்துக்குச் சோறு போடாது. வருட நடுவில் பாடசாலை றக்பியும் உதைபந்தாட்டமும் வரும். செப்டெம்பரிலிருந்து 19 வயதுக்குட்பட்டோர் கிரிக்கட் பருவம். இவற்றுக்கு இடையில் கிரிக்கட் பயிற்சிக் கழகங்கள், கராத்தேப் பட்டி வழங்கல், பட்மிண்டன், நீச்சல் போட்டிகள். பெற்றோர் மாதாமாதம் கட்டணம் கட்டி அனுப்பும் இடங்கள் இவை. பிள்ளைக்குச் செலவழிக்க ஏற்கனவே முடிவு செய்தவர்கள். அணியின் குழுப்படத்துக்குச் சட்டமிட்டுக் கொடுப்பது, பழைய மாணவர் சங்கத்துக்கு நாட்காட்டி, நினைவு மலருக்குப் படங்கள் என்பன நிலையான வருமானம். இவற்றுக்கு மொத்தத் தொகை பேசி எழுதிக்கொள்ள வேண்டும்.

அமானிதம்

கடைசியாகச் சொல்வது மிக முக்கியமானது. 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்க புலமைச் சொத்துச் சட்டத்தின்படி படத்தின் பதிப்புரிமை பொதுவாக அதை உருவாக்கியவருக்கு உரியது. ஆனால் படத்தில் இருக்கும் பிள்ளை இன்னொருவருடைய பிள்ளை. தன் மகளின் படம் வீட்டு அலுமாரியில் இருக்க வேண்டும் என்று ஆசைப்படும் தாய், அது பேஸ்புக்கில் வருவதை விரும்புவார் என்று நினைப்பது தவறு. எமது சமூகத்தில் இது இன்னும் கூடுதலாகக் கவனிக்கப்பட வேண்டியது. ‘விளம்பரத்துக்குப் பயன்படுத்தச் சம்மதமா?’ என்ற கேள்வியைப் படிவத்தில் தனியாகக் கேட்க வேண்டும். இல்லை என்றால் இல்லைதான். பிள்ளையின் பெயர், பாடசாலை, வகுப்பு மூன்றையும் சேர்த்துப் படத்தோடு எங்கும் போடக்கூடாது. சிறுவர் பாதுகாப்புக்கென 1998 ஆம் ஆண்டின் 50 ஆம் இலக்கச் சட்டத்தால் ஓர் அதிகார சபையே அமைக்கப்பட்ட நாடு இது. ஒரேயொரு முறைப்பாடு போதும். ஓர் அதிபர் மூடிய கதவை அடுத்த பத்துப் பாடசாலைகளும் மூடிவிடும்.

எனவே, மகன் கெமரா கேட்டு வந்தால் உடனே திட்டவும் வேண்டாம், உடனே பணத்தை எடுத்துக் கொடுக்கவும் வேண்டாம். ஒரு முன்பள்ளியின் அனுமதிக் கடிதத்தையும் முற்பணம் கொடுத்த 16 பெற்றோரின் பட்டியலையும் கொண்டுவரச் சொல்லுங்கள். முதல் விழாவுக்கு வாடகைக் கெமராவே போதும். அந்தப் பட்டியலை அவர் கொண்டுவந்தால், உங்கள் வீட்டில் ஒரு வியாபாரி உருவாகிவிட்டார் என்று அர்த்தம். அதன் பிறகு முதலீடு செய்யத் தயங்காதீர்கள்.