கேஜிஎஃப்பில் பெய்யும் மழை எந்த ஆற்றுக்குப் போகிறது? ஒரே ஒரு வரைபடத்தை வைத்துக் கண்டுபிடிப்பது எப்படி?

மாரிகுப்பத்தில் காலை ரயிலைப் பிடித்து பெங்களூருவுக்கு வேலைக்குப் போகும் கோலார் தங்கவயல்காரர்களுக்கு அந்தச் சாம்பல்நிற மேடுகள் புதிதல்ல. தங்கத்தைப் பிரித்தெடுத்த பிறகு கொட்டப்பட்ட பாறைத்தூள் அது. பேச்சுவழக்கில் 'சயனைடு மலை'.

சுரங்கங்கள் 2001 பிப்ரவரி 28-ல் மூடப்பட்டன. மேடுகள் அப்படியே நின்றன. சுமார் 1,003 ஏக்கரில் பரவியிருக்கும் 13 கழிவுமேடுகளில் மிச்சமிருக்கும் தங்கத்தை எடுக்கும் திட்டத்துக்கு, 2024 ஜூனில் கர்நாடக அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது.

வேலைவாய்ப்பு வருமா என்பது ஊரில் எல்லோரும் கேட்கும் கேள்வி. இன்னொரு கேள்வியும் இருக்கிறது: இந்த மேடுகளைக் கிளறும்போது, அவற்றின் மீது விழும் மழை எங்கே போகும்? இதற்கான முதல்கட்ட பதிலைத் தெரிந்துகொள்ள நிபுணராக இருக்க வேண்டியதில்லை. டோப்போ ஷீட் படிக்கத் தெரிந்தால் போதும்.

எந்த ஷீட்?

சர்வே ஆஃப் இந்தியாவின் 1:50,000 வரைபடங்களை 2017 முதல் இணையத்தில் இலவசமாகப் பதிவிறக்கலாம். பழைய எண்முறையில் ராபர்ட்சன்பேட்டை வருவது 57 எல்/5 ஷீட்டில். பேத்தமங்கலா பக்கம் பார்க்க வடக்கே உள்ள 57 கே/8, பூதிகோட்டை பக்கம் பார்க்க மேற்கே உள்ள 57 எல்/1 ஆகியவற்றையும் சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

வரைபடத்தில் 2 செ.மீ. என்றால் தரையில் 1 கி.மீ. பழுப்பு நிறக் கோடுகள் சமஉயரக் கோடுகள். ஒரு கோட்டின் மேல் நடந்தால் ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. பக்கத்துக் கோட்டுக்குப் போனால் 20 மீட்டர் ஏறியிருப்பீர்கள், அல்லது இறங்கியிருப்பீர்கள். கோடுகள் நெருக்கமாக இருந்தால் செங்குத்துச் சரிவு, விலகி இருந்தால் சமவெளி.

தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுது?

ஓடையைக் கடக்கும் இடத்தில் சமஉயரக் கோடு ஆங்கில 'வி' எழுத்துபோல வளையும். அந்த 'வி'யின் கூர்முனை எப்போதும் ஓடை வரும் திசையை, அதாவது மேட்டைக் காட்டும். தண்ணீர் அதற்கு எதிர்த் திசையில் போகிறது. கூர்முனை பள்ளத்தைப் பார்த்தபடி இருந்தால் அது ஓடை இல்லை, மேட்டின் முகடு.

கோலார் மாவட்டத்தில் இன்னொரு சுலபமான தடயம், ஏரிகள். ஏரியின் ஒரு பக்கம் கரை ஒழுங்கான கோடாக இருக்கும், மறுபக்கம் விரல்கள்போல நீண்டு கிடக்கும். கரை இருக்கும் பக்கம்தான் பள்ளம். நம் முன்னோர்கள் வரைபடம் இல்லாமலே சரிவைப் படித்துக் கட்டிய கரைகள் இவை.

ஓடைகள் ஏன் இந்த வடிவத்தில்?

ஓடைகளை மட்டும் ஒரு டிரேசிங் தாளில் வரைந்து பாருங்கள். கிரானைட், நைஸ் பாறைகள் பரவிய இடங்களில் அது மரக்கிளைபோல இருக்கும். பாறை எல்லாத் திசையிலும் ஏறக்குறைய ஒரே உறுதியோடு இருப்பதால், ஓடைக்கு எந்தக் கட்டாயமும் இல்லை.

தங்கம் கிடைத்த பாறைப்பட்டை வேறு மாதிரி. சுமார் 270 கோடி ஆண்டு பழமையான இந்தப் பட்டை, வடக்கு தெற்காக ஏறக்குறைய 80 கி.மீ. நீளும், ஆனால் அகலம் சில கி.மீ. மட்டுமே. இதில் உள்ள கடினமான அடுக்குகள் எளிதில் தேய்வதில்லை. சுற்றியுள்ளவை கரைந்து தாழ, இவை முகடாக நின்றுவிட்டன. சுரங்கங்களுக்கு மேற்கே இருக்கும் பேத்தராயன் குன்று அப்படிப்பட்டதுதான். அதன் உயரம் 3,199 அடி என்று பழைய கெசட்டியர் பதிவு செய்திருக்கிறது. அதாவது சுமார் 975 மீட்டர். தங்கவயல் நகரமோ சுமார் 850 மீட்டரில்.

பிற இடங்களில் கோடுகள் விலகி விலகிப் போகும். பள்ளத்தாக்குகள் அகலமானவை, ஆழம் குறைந்தவை. மிக நீண்ட காலம் தேய்ந்த பீடபூமியின் அடையாளம் இது. பாலாற்றைப் பின்தொடர்ந்து தென்கிழக்கே போனால் காட்சி மாறும். பீடபூமியின் விளிம்பில் கோடுகள் நெருங்கி, வாணியம்பாடி வரும்போது உயரம் ஏறக்குறைய 400 மீட்டருக்கு இறங்கிவிடும்.

இரண்டு ஆறுகளுக்கு நடுவே

தங்கவயலின் வடகிழக்கே பேத்தமங்கலாவில் பாலாறு. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து சுரங்கத்துக்கும் ஊருக்கும் குடிநீர் கொடுத்த ஏரி அங்கேதான். தென்மேற்கே பூதிகோட்டை பக்கம் மார்க்கண்டேய நதி. அது கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தென்பெண்ணையில் சேர்கிறது.

இந்த இரண்டுக்கும் நடுவே எங்கோ ஒரு நீர்ப்பிரிமேடு இருந்தே ஆக வேண்டும். அதன் ஒரு பக்கம் விழும் துளி வாணியம்பாடி, ஆம்பூர், வேலூர் வழியாகக் கடலுக்கு. மறுபக்கம் விழுந்தால் கிருஷ்ணகிரி, தருமபுரி வழியாக. சுரங்க வேலைக்காக வட ஆற்காடு, சேலம் மாவட்டங்களிலிருந்து தாத்தா பாட்டி இங்கே வந்த குடும்பங்கள் நிறைய. அவர்கள் ஆற்றின் எதிர்த் திசையில் ஏறி வந்தார்கள். இங்கே விழும் மழை அவர்களின் பழைய ஊர்களை நோக்கி இறங்குகிறது.

இது வெறும் பூகோளப் பாடம் இல்லை. மார்க்கண்டேய நதியில் யர்கோல் அருகே கர்நாடகம் அணை கட்டியபோது, இது தென்பெண்ணையின் துணையாறு என்று சொல்லி தமிழ்நாடு உச்ச நீதிமன்றம் போனது. அணைக்குத் தடை கேட்ட மனு 2019 நவம்பரில் தள்ளுபடி ஆனது. அந்த வழக்கின் அடியிலும் 'இந்தத் துளி யாருடைய ஆற்றுக்குப் போகிறது?' என்ற கேள்விதான் இருந்தது.

சயனைடு மலைக்கு வருவோம்

டோப்போ ஷீட்டில் 30 மீட்டர் உயர மேடு ஒன்று, ஓரிரண்டு கோடுகளாகத்தான் தெரியும். நேரில் பார்த்தால் அதன் பக்கவாட்டில் மழை கீறிய கூர்மையான நெளிவுகள் தெரியும். சுற்றியிருக்கும் பள்ளத்தாக்குகள் பல கோடி ஆண்டு வேலை. இந்தக் கீறல்கள் சில பத்தாண்டுகளில் வந்தவை. தூளாக்கிய பாறையைப் பிடித்துவைக்க வேர்களும் குறைவு.

எனவே ஒவ்வொரு மேட்டின் அடியிலிருந்தும் பென்சிலை வைத்து, சமஉயரக் கோடுகளைச் செங்குத்தாக வெட்டிக்கொண்டே கீழே இறங்குங்கள். முதலில் எந்த ஓடை? அடுத்து எந்த ஏரி? அதற்கும் கீழே எந்த ஊர்? திட்டம் குறித்து மக்கள் கருத்து கேட்கும் கூட்டம் நடந்தால், அந்தப் பட்டியலில் உள்ள ஊர்கள்தான் அங்கே முதலில் இருக்க வேண்டும்.

வரைபடம் சொல்லாதது

இந்த ஷீட்கள் சரிவைக் காட்டும், தண்ணீரில் என்ன கலந்திருக்கிறது என்று காட்டாது. நிலத்தடி நீர் மேற்பரப்புச் சரிவைத்தான் பின்பற்றும் என்ற உத்தரவாதமும் இல்லை. அதுவும் 3 கி.மீ.க்கும் அதிக ஆழம் தோண்டிய ஊரில். அதற்குக் கிணற்று நீரையும் ஏரி மண்ணையும் பரிசோதிக்க வேண்டும். ஆனால் எந்தக் கிணறு, எந்த ஏரி என்று முடிவு செய்ய அந்தப் பென்சில் கோடு உதவும்.