சீம்பாலும் சின்ன வெங்காயமும்

பசு கன்று ஈன்றால் கிராமத்தில் அக்கம்பக்கத்து வீடுகளுக்குச் சொம்பில் சீம்பால் போகும். வெல்லம் போட்டுக் காய்ச்சி, கட்டியானதும் பிள்ளைகளுக்கு வழித்துக் கொடுப்பார்கள். அதே வீட்டு மருமகள் பிள்ளை பெற்றால், மஞ்சளாகச் சுரக்கும் முதல் பாலை மட்டும் "ஆகாது, பீச்சி விடு" என்பார்கள். பிள்ளையின் நாக்கில் சர்க்கரைத் தண்ணீர் தொட்டு வைப்பார்கள்.

அந்தப் பேச்சு இப்போது வெகுவாகக் குறைந்திருக்கிறது. பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் தாய்ப்பால், ஆறு மாதம் வரை தண்ணீர்கூட வேண்டாம் என்பதெல்லாம் பெரம்பலூர், அரியலூர் தாய்மார்களுக்குத் தெரியாத சேதி அல்ல. தமிழ்நாட்டில் அநேகமாக எல்லாப் பிரசவமும் ஆஸ்பத்திரியில்தான். ஆனால் 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி அதில் 44.9 சதவீதம் சிசேரியன். தையல் வலியோடு மல்லாந்து கிடப்பவளின் பக்கத்தில் பிள்ளையை அணைத்து வைக்க ஒரு கை வேண்டும். அது கிடைக்காவிட்டால் அந்த முதல் மணி நேரம் வார்டு வாசலில், சொந்தக்காரர்கள் மடியில் கழிந்துவிடும்.

அப்புறம் பிள்ளை அழுதால், பார்க்க வந்தவர்கள் எல்லாரும் சொல்வது ஒன்றுதான்: "பால் பத்தல போல." புட்டி வீட்டுக்குள் வருகிறது. பிள்ளை சப்பச் சப்பத்தான் பால் ஊறும், புட்டியில் வயிறு நிறைந்த பிள்ளை மார்பை விடும், பாலும் வற்றும். ஊரார் சொன்னது கடைசியில் உண்மையாகிவிடும். இதில் பழி மட்டும் தாய்க்கு.

எனக்கு இதைவிடப் பெரிதாகப் படுவது கூலி. பெரம்பலூரில் சின்ன வெங்காய அறுவடை, ஜெயங்கொண்டம் பக்கம் முந்திரிக்கொட்டை பொறுக்கும் பருவம்: இரண்டும் பிள்ளையின் வயதைப் பார்த்து வருவதில்லை. தமிழக அரசு ஊழியருக்கு 2021 முதல் 12 மாத மகப்பேறு விடுப்பு. கம்பெனி வேலைக்கு 2017 சட்டத் திருத்தம் முதல் 26 வாரம். வெங்காயத் தாள் அரிகிறவளுக்கு முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு திட்ட உதவி உண்டு, 18,000 ரூபாய் மதிப்பில், தவணை தவணையாக. ஆறு மாதக் கூலிக்கு அது எந்த மூலைக்கு? ஐந்து குழந்தைகள் வந்தால் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் என்று 2005-ஆம் ஆண்டு நூறு நாள் வேலைச் சட்டம் எழுதிவைத்தது. தனியார் காட்டில் அதுவும் இல்லை.

பன்னிரண்டு மணி வாக்கில் அவள் ரவிக்கை நனைகிறது. பால் கட்டி நெஞ்சு விண்ணென்று தெறிக்கிறது. வெங்காயப் பட்டறையின் மறைவில் போய்ப் பீச்சிவிட்டு வருகிறாள். வீட்டில் மாமியார் தூளியை ஆட்டிக்கொண்டே புட்டியைக் கழுவுகிறார்.