மாணவர் ஒன்றியமும் சேவை நிருவாகமும்: ஹெல்சிங்கி தரும் படிப்பினை

மாணவர் ஒன்றியம் என்றதும் நம் மனக்கண்முன் தோன்றுவன கூட்டமும் கோரிக்கையும் தேர்தலுமேயாகும். ஆயின் உரிமைக்குக் குரலெழுப்பும் அதே அமைப்பு, சில நாடுகளில் உணவகம் முதலிய அன்றாடச் சேவைகளையும் நடத்திவருகின்றது. குரலெழுப்புதற்கு வேண்டிய திறன் வேறு. உணவகம் நடத்துதற்கு வேண்டிய திறன் வேறு. இவ்விரண்டையும் ஓர் அமைப்பு ஒருங்கே தாங்குவது எங்ஙனம்? இவ்வினாவிற்கு விடைகாணும் பொருட்டுப் பின்லாந்து நாட்டின் ஹெல்சிங்கிப் பல்கலைக்கழக மாணவர் ஒன்றியத்தின் அமைப்பை ஈண்டு நோக்குவோம்.

அவ்வொன்றியம் 1868 ஆம் ஆண்டிலே தோன்றியது. பின்லாந்து அப்போது ருஷ்யப் பேரரசின் ஆட்சிக்குட்பட்டிருந்தது. 1870 இல் திறக்கப்பட்ட மாணவர் இல்லம், நாட்டு மக்களிடம் திரட்டிய நிதியைக் கொண்டு எழுப்பப்பட்டதாகும். 'தாயகம் தன் நம்பிக்கைக்கு அளித்தது' எனப் பொருள்படும் இலத்தீன் வாசகம் அதன் முகப்பிலே பொறிக்கப்பட்டுள்ளது. நகரின் நடுவே அமைந்த நிலமும் கட்டடங்களும் காலப்போக்கிற் பெருமதிப்புப் பெற்றன. சொத்து வந்தபோது அதைப் பேணும் பொறுப்பும் உடன் வந்தது.

இப்பொறுப்பு எவ்வாறு பகிரப்பட்டுள்ளது? இளங்கலை, முதுகலை மாணவர் யாவரும் சட்டப்படி ஒன்றியத்தின் உறுப்பினராவர். அவர்கள் இரண்டாண்டுகளுக்கு ஒருமுறை 60 பேர் கொண்ட பிரதிநிதிகள் பேரவையைத் தெரிவு செய்கின்றனர். தேர்தல் விகிதாசார முறையில் நிகழ்வதாற் சிறு குழுவினர்க்கும் பேரவையில் இடமுண்டு. வரவு செலவுத் திட்டத்தை ஏற்பதும் கொள்கை வகுப்பதும் பேரவையின் பணியாம். அது தெரியும் செயற்குழு ஓராண்டுக்குப் பதவி வகித்து அம்முடிவுகளை நிறைவேற்றுகின்றது. உணவகங்களையும் கட்டடங்களையும் நடத்துவதோ செயற்குழுவன்று. ஒன்றியத்திற்கே முழுதும் உரித்தான கம்பனியொன்று, சம்பளம் பெறும் முகாமையாளரையும் ஊழியரையுங் கொண்டு அப்பணியைச் செய்கின்றது.

இப்பிரிவினை ஏன் வேண்டப்பட்டது? மாணவர் தலைமுறை குறுகியது என்பதே முதற்காரணம். ஒருவர் கணக்கேடுகளைப் புரிந்துகொள்ளும் முன்னரே பரீட்சை வந்துவிடும், பதவியும் முடிந்துவிடும். உணவகமோ ஒவ்வொரு நாளும் திறக்கப்படவேண்டும். ஊழியர்க்குச் சம்பளமும் விற்பனையாளர்க்குப் பணமும் உரிய நாளிற் சேரவேண்டும். இரண்டாவது காரணம், ஒருவரே முடிவெடுத்து, அவரே நடத்தி, கணக்கையும் அவரே பார்ப்பின், தவறு நேருமிடத்து அதனைக் காண்பார் எவருமிலர் என்பதாகும்.

எனினும், கொள்கை எங்கே முடிகின்றது, நடத்துதல் எங்கே தொடங்குகின்றது என்பது எளிதில் வரையறுக்கக்கூடியதன்று. தக்கவோர் உதாரணத்தைக் காட்டலாம். 2020 பெப்ரவரி முதல் தம் உணவகங்களில் மாட்டிறைச்சி பரிமாறப்படமாட்டாதென மேற்கூறிய கம்பனி 2019 இல் அறிவித்தது. காலநிலையைப் பாதிக்கும் வாயுக்களைக் குறைப்பதே அதற்குக் கூறப்பட்ட காரணமாகும். விவசாயிகள் தரப்பிலிருந்து கடுங்கண்டனம் எழுந்தது. விவாதம் பல்கலைக்கழக எல்லையைக் கடந்து நாடெங்கும் பரவியது. உணவுப்பட்டியலை அமைத்தல் முகாமையாளரின் அன்றாட வேலையே எனலாம். ஆயின் மாணவர் எதை உண்பர் என்பது மனச்சான்றையும் பழக்கத்தையும் தொடும்போது அது கொள்கையாகிவிடுகின்றது. ஒரு முடிவு எத்துணை மக்களை, எத்துணை ஆழமாகத் தொடுகின்றதோ அத்துணைக்கு அது தெரிவுசெய்யப்பட்டோர் முன் விவாதிக்கப்படவேண்டும் என்பதே நாம் கொள்ளும் அளவுகோலாகும்.

பிரிவினைக்கு ஒரு விலையுமுண்டு. நிருவாகம் திறமையடையுந்தோறும் மாணவர் வெறும் வாடிக்கையாளராகிவிடும் அபாயம் வளர்கின்றது. ஹெல்சிங்கிப் பேரவைத் தேர்தலில் அண்மைக்காலத்தில் வாக்களிப்போர் தொகை பாதியையும் எட்டுவதில்லை. 1968 நவம்பரில், ஒன்றியத்தின் நூற்றாண்டு விழாவுக்கு முந்திய நாள், மாணவர் சிலர் அந்த மாணவர் இல்லத்தையே கைப்பற்றிக்கொண்டமையும் ஈண்டு நினைக்கத்தக்கது. சொத்து மிகுந்த ஒன்றியமாயினும், தன் உறுப்பினர் மனத்தை அறியாதொழியின் அதன் இல்லமே அதற்கு எதிரான மேடையாகிவிடும். மேலும், வருமானத்திற்கு வணிகத்தை நம்பியிருப்பதும் இடர் நிறைந்ததே. 2020 இல் கொவிட் தொற்றினால் வளாகங்கள் வெறிச்சோடியபோது உணவக வருமானம் பெரிதும் வீழ்ந்தது.

நம் நாட்டுப் பல்கலைக்கழகச் சங்கங்களிடம் அத்தகைய சொத்தில்லை. ஆயினும் அதே தத்துவம் நம்மிடையே சிறிய உருவில் உண்டு. விரிவுரையாளர் ஒருவர் பெரும்பொருளாளராகவும் மாணவர் ஒருவர் இளம்பொருளாளராகவும் இருப்பது நாம் நன்கறிந்த வழக்கம். செலவு செய்வோரும் செலவைப் பார்வையிடுவோரும் வெவ்வேறானவராய் இருத்தல் வேண்டும் என்பதே அதன் உட்கருத்து. இதனை மாணவர் மீதான நம்பிக்கையின்மையாகக் கொள்வாருமுளர். நாம் அவ்வாறு கருதவில்லை. இரண்டாவது கையொப்பம் இளம்பொருளாளரைச் சந்தேகிப்பதற்கன்று; பிற்காலத்தில் எவரும் அவரைச் சந்தேகியாதிருத்தற்கேயாகும். ஆனால், ஏட்டைப் பாராமலே இடப்படுங் கையொப்பம் இருவரையுங் காவாது.

ஆகவே ஹெல்சிங்கியின் செல்வத்தை நாம் பெறவியலாதெனினும் அதன் ஒழுங்கைப் பெறலாம். எதனைப் பொதுக்கூட்டம் தீர்மானிக்கும், எதனைச் செயற்குழு தீர்மானிக்கும், எதனைப் பொறுப்பாளர் தாமே செய்யலாம் என்பதை யாப்பிலே தெளிவாக எழுதிவைத்தல் வேண்டும். கணக்கை ஆண்டிறுதியில் மட்டுமன்றித் தவணைதோறும் உறுப்பினர் முன் வைத்தல் வேண்டும். பதவி நீங்குவோர், வருவோர்க்கு ஏடுகளைக் கையளிப்பதோடு அமையாது, அவற்றை வாசிக்கவுங் கற்பித்துச் செல்லல் வேண்டும். மாணவர் மூன்று நான்கு ஆண்டுகளில் நீங்கிவிடுவர், சங்கம் நிற்கவேண்டும். அதை நிறுத்துவது மேடையில் ஒலிக்கும் குரல் மட்டுமன்று. அடுத்த அணியினர் திறந்து பார்க்கும்போது தெளிவாக விளங்கும் கணக்கேடுமாகும்.