உலோகப் பல்லுறை வார்க்கும் முறை
2022 வரை சித்தூர் மாவட்டத்திலிருந்த திருப்பதியில், தேவஸ்தானத்தாரின் சிற்பப் பயிற்சி நிலையத்தில் உலோகச் சிற்பம் கற்பிக்கப்படுகிறது. மெழுகில் உருவமைத்து, மண் பூசி, மெழுகை உருக்கி வெளியேற்றி, அவ்வெற்றிடத்தில் உலோகத்தை வார்ப்பது சிற்பியின் மரபு. உலோகப் பல்லுறையும் பற்பாலமும் இவ்வாறே வார்க்கப்படுவன. 1907இல் அமெரிக்கப் பல் மருத்துவர் டாகர்ட் இதனைப் பல் மருத்துவத்தில் பரவச் செய்தார். பல்லின் அச்சிலிருந்து எடுத்த மாதிரியின்மீது தொழில்நுட்பர் மெழுகுறையை அமைக்கிறார்.

உருகிய பொன்கலவை இறுகி ஆறுங்கால் ஏறத்தாழ 1.5 சதவீதம் சுருங்கும். நிக்கல்-குரோமியக் கலவை இன்னும் மிகுதியாகச் சுருங்கும். சிலை சற்றே சுருங்கினால் தீங்கில்லை. உறையோ பல்லில் ஏறாது. ஆதலின் மெழுகைச் சூழும் அச்சுக்குழம்பில் சிலிக்கா சேர்க்கப்படுகிறது. உலையில் மெழுகு எரிந்து நீங்க, சிலிக்கா விரிந்து உட்குழியைப் பெரிதாக்குகிறது. அதில் வார்த்த உலோகம் சுருங்கி உரிய அளவை அடைகிறது. பாலமெனில் தாங்கும் பற்கள் அனைத்திலும் ஒருங்கே பொருந்த வேண்டும். விளிம்பில் இடைவெளி நேரின் ஒட்டுச் சிமெண்டு கரைந்து, உறைக்கடியில் பல் சொத்தையாகும். வெளியே உறை பளபளப்பதால் நோயாளி அதனை நெடுநாள் அறியார்.